சவலையும் சளியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

முன்னுரை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாசலில் தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு காத்திருப்பதைக் காணலாம். என்ன நோய் என்று கேட்டால் பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றே: "சளிதான்."

ஒரே தெருவில் இரண்டு குழந்தைகளுக்கு ஒரே வாரத்தில் சளி பிடிக்கிறது. ஒரு குழந்தை மூன்று நாட்கள் மூக்கொழுகி, இருமி, நான்காம் நாள் தெருவில் விளையாடுகிறது. மற்றொரு குழந்தைக்கோ மூச்சு வாங்குகிறது. விலா உள்ளே இழுக்கிறது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு செங்கற்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். காற்று ஒன்று, நீர் ஒன்று, பரவிய கிருமியும் ஒன்றாகவே இருக்கலாம். பின் இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? பல வேளைகளில் அதற்கான விடை, நோய் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அக்குழந்தையின் உணவுக் கிண்ணத்தில் தொடங்கியிருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சவலை என்னும் சொல்

சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் நாட்டில் (இன்றைய கானா) பணியாற்றியபோது, உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி இறக்கும் குழந்தைகளைக் கண்டார். அந்நோயைப் பற்றி 1933-இல் எழுதினார். 1935-இல் அந்நாட்டு மக்கள் வழங்கிய பெயரையே அதற்குச் சூட்டினார். 'குவாஷியோர்கர்' என்ற அச்சொல் கா மொழியைச் சேர்ந்தது. அடுத்த குழந்தை பிறந்ததால் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து.

இதே கருத்தைக் கொண்ட சொல் நம் மொழியிலும் உண்டு. தம்பியோ தங்கையோ பிறந்து, தாய்ப்பால் போதாமல் இளைத்துப்போன பிள்ளையைச் 'சவலைப் பிள்ளை' என்று நம் பாட்டிமார் அழைப்பர். கடல் கடந்து வாழும் இரண்டு மக்கள் கூட்டத்தினர், மருத்துவ நூல் எதையும் படிக்காமலே, ஒரே காரணத்தைக் கண்டு பெயரிட்டிருக்கின்றனர் என்பது வியப்புக்குரியது.

குவாஷியோர்கர் நோய்க்குப் புரதக் குறைவு ஒன்றே காரணம் என அறிஞர்கள் நெடுங்காலம் கருதினர். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆராய்ந்த டாக்டர் சி. கோபாலன் இக்கருத்தை 1960-களில் கேள்விக்கு உட்படுத்தினார். (இந்நிறுவனம் 1918-இல் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டதாகும்.) உடல் வீங்கிய குழந்தையின் உணவையும், எலும்பும் தோலுமாய் மெலிந்த குழந்தையின் உணவையும் ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்று அவர் காட்டினார். நம் நாட்டு ஏழைக் குழந்தையின் முதற்குறை புரதமன்று. உணவின் மொத்த அளவே, அதாவது கலோரியே, போதவில்லை என்பது அவர் வற்புறுத்திய கருத்தாகும்.

ஊட்டக்குறைவை அளப்பது எப்படி?

கண்ணுக்குத் தெரியும் மெலிவு, நோயின் கடைசிக் கட்டமே. அதற்கு முன்பே கண்டறிய மூன்று அளவுகள் உள்ளன. வயதுக்கேற்ற உயரம் இல்லாமை வளர்ச்சிக் குறுக்கம் எனப்படும். இது நெடுநாள் பசியின் அடையாளம். உயரத்துக்கேற்ற எடை இல்லாமை உடல் மெலிவு எனப்படும். இது அண்மைக்காலப் பசியையோ நோயையோ காட்டுவது. வயதுக்கேற்ற எடை இல்லாமை எடைக்குறைவு. இது இரண்டும் கலந்தது.

2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் உயரம் குன்றியவர்கள், 14.6 விழுக்காட்டினர் மெலிந்தவர்கள். 22 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். அனைத்திந்திய அளவுகள் முறையே 35.5, 19.3, 32.1 ஆகும். நம் மாநிலம் அனைத்திந்திய அளவினும் மேலான நிலையில் உள்ளது உண்மை. ஆயினும் நான்கு குழந்தைகளில் ஒன்று உயரம் குன்றி வளர்வதை எண்ணி நாம் மகிழ்ந்திருக்க முடியாது.

துணி அளக்கும் நாடா போன்ற ஒரு நாடாவைக் கொண்டு, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவை அளக்கலாம். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனம் தேவை. 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நுரையீரலுக்குள் நடப்பது

நம் நுரையீரல்களில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. நிமோனியா என்பது இந்த நுண்ணறைகளில் நீரும் சீழும் நிறைந்துவிடும் நிலை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே பி ஆகிய பாக்டீரியாக்களும், ஆர்.எஸ்.வி. போன்ற வைரசுகளும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

நுண்ணறைகள் நிறைந்தபின், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. ஈடுசெய்யக் குழந்தை வேகமாக மூச்சு விடுகிறது. நுரையீரல் விறைத்துவிடுவதால், அதை விரிக்க உதரவிதானமும் விலாவிடைத் தசைகளும் கடுமையாக உழைக்கின்றன. மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது இதனால்தான்.

நன்கு வளர்ந்த குழந்தைக்கு இந்த உழைப்பைத் தாங்கும் தசைவலிமை உண்டு. மெலிந்த குழந்தையின் உடலோ, பசிக்காலத்தில் தன் தசைகளையே கரைத்து எரிபொருளாக்கி விட்டது. மூச்சுத் தசைகளும் அதற்கு விலக்கல்ல. ஆகவே அக்குழந்தை விரைவில் களைத்துப் போகிறது.

நோய் எதிர்ப்பாற்றலும் இவ்வாறே குன்றுகிறது. டி-அணுக்கள் முதிர்ச்சி பெறும் இடமான தைமஸ் சுரப்பி, கடுமையான ஊட்டக்குறைவில் சுருங்கிவிடுகிறது. மூச்சுப்பாதையின் உட்பூச்சில் கிருமியைத் தடுத்து நிறுத்தும் ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருள் குறைகிறது. உட்பூச்சையே செம்மையாக வைத்திருக்கும் வைட்டமின் 'ஏ'யும் துத்தநாகமும் போதாமல் போகின்றன.

இன்னும் ஓர் அபாயம் உண்டு. காய்ச்சல் என்பது உடல் கிருமியோடு போரிடும் அடையாளம். மிகவும் மெலிந்த குழந்தைக்குப் போரிடவே வலுவில்லாததால், நிமோனியா வந்தும் காய்ச்சல் தோன்றாமல் இருக்கலாம். மூச்சு வேகமும் எதிர்பார்த்த அளவு கூடாமல் இருக்கலாம். "உடம்பு சுடவில்லையே" என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் நேரத்தில் நோய் முற்றிவிடுகிறது.

ஒன்றையொன்று வளர்க்கும் இரு கேடுகள்

ஊட்டக்குறைவு நோயை வளர்க்கிறது என்று கண்டோம். நோயும் ஊட்டக்குறைவை வளர்க்கிறது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால், உடலின் கலோரித் தேவை ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுகிறது. அதே வேளையில் பசி மந்தப்படுகிறது. மூக்கடைப்பால் குழந்தைக்குப் பால் குடிக்க முடிவதில்லை. போதாக்குறைக்கு நாமும் 'பத்தியம்' என்று சொல்லி முட்டை, மீன், வாழைப்பழம், தயிர் ஆகியவற்றை நிறுத்திவிடுகிறோம். ஒரு வாரக் காய்ச்சலில் குழந்தை இழந்த எடையை மீட்பதற்குள் அடுத்த சளி வந்துவிடுகிறது. ஸ்கிரிம்ஷா, டெய்லர், கார்டன் ஆகிய மூவரும் 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய நூலில், ஊட்டக்குறைவும் தொற்றுநோயும் சேரும்போது விளையும் கேடு, இரண்டும் தனித்தனியே தரும் கேடுகளின் கூட்டுத்தொகையினும் பெரிது என்று விளக்கினர்.

பஞ்சாபில் நாரங்வால் என்ற ஊரை மையமாகக் கொண்டு நடந்த ஆய்வு இதை எண்களால் காட்டியது. வயதுக்குரிய சராசரி எடையில் 80 விழுக்காட்டுக்குக் கீழே ஒவ்வொரு பத்து விழுக்காடு இறங்கும்போதும், குழந்தை இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்பது 1978-இல் வெளியான அதன் முடிவு. உலக அளவில் ஐந்து வயதுக்குட்பட்டோர் சாவுகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டில் ஊட்டக்குறைவுக்குப் பங்கு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2019-இல் மட்டும் நிமோனியாவால் 7 இலட்சத்து 40 ஆயிரம் சிறு குழந்தைகள் இறந்தனர்.

இந்த எண்களுள் அடங்கும் ஒரு குழந்தையை நான் அறிவேன். எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு மீனவர் குப்பம். எனக்கு முன் பிறந்த அண்ணன் ஒருவன் பதினோராம் மாதத்தில் இறந்துபோனான். "தேரை விழுந்த பிள்ளை, சளி கட்டி இரண்டே நாளில் போய்விட்டான்" என்று அம்மா இன்றும் சொல்வார். அவனுடைய எடை அட்டை எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. இப்பாடங்களைப் படித்தபின் அதை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் மாதம் 5.2 கிலோ, ஆறாம் மாதம் 6.1, ஒன்பதாம் மாதம் 6.3, பத்தாம் மாதம் 6.2. பிறகு புள்ளி இல்லை. எடை போட்டவர் தம் கடமையைச் செய்திருக்கிறார். அம்மாவும் விடியற்காலையில் மீன் கூடையைச் சுமந்து சென்று விற்றுத் திரும்பிய களைப்போடு, மாதந்தோறும் அவனைத் தூக்கிச் சென்றிருக்கிறார். ஆறாம் மாதத்துக்குப் பின் கோடு படுத்துவிட்டது என்பதைப் படித்துச் சொல்ல எங்கள் வீட்டில் அன்று எழுத்தறிந்தவர் ஒருவருமில்லை.

கஞ்சிக் கணக்கு

ஆறாம் மாதத்தில் கோடு படுப்பது ஏன்? அதுவரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு வேறு உணவும் வேண்டும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை. ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் இது 300. இரண்டாம் வயதில் 550.

நம் வீடுகளில் முதலில் கொடுப்பது நீர்த்த கஞ்சி. ஒரு கிண்ணம், அதாவது 200 மில்லி, கஞ்சியில் 10 கிராம் அரிசி இருந்தால் அதில் கிடைப்பது சுமார் 35 கலோரி. இருநூறு கலோரிக்கு ஆறு கிண்ணம் வேண்டும். எட்டு மாதக் குழந்தையின் வயிறோ ஒரு கிண்ணத்திலேயே நிறைந்துவிடும். வயிறு நிறைந்த குழந்தை அழுவதில்லை; தாயும் போதும் என்று எண்ணிக்கொள்கிறாள். ஆனால் உடல் பசியோடுதான் இருக்கிறது.

இப்போது 25 கிராம் கேழ்வரகு மாவைக் கெட்டியாகக் கிண்டி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்ப்போம். மாவில் சுமார் 80 கலோரி, எண்ணெயில் சுமார் 40, ஆக 120. இவ்வாறு இரண்டு வேளை கொடுத்தாலே தேவை நிறைவேறும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறிது. மேலும் கேழ்வரகில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

கலோரிக்கு அடுத்தபடியாகத் தரமான புரதம் வேண்டும். நம் கடற்கரையில் அதற்குப் பஞ்சமில்லை. நெத்திலியும் மத்தியும் விலை குறைந்த மீன்கள். நன்கு வேகவைத்து, முள் நீக்கி மசித்துக் கொடுக்கலாம். முருங்கைக்கீரை வேலியிலேயே கிடைக்கிறது. ஆனால் நல்ல மீன் சந்தைக்குப் போய்விடுகிறது; எஞ்சியது குழம்பாகும்போது காரம் மிகுதி என்று குழந்தைக்குக் கொடுப்பதில்லை. காரம் சேர்ப்பதற்கு முன் ஒரு துண்டை எடுத்துவைத்தாலே போதும்.

வறுமையை மறந்து இக்கணக்கைப் போடுவது நேர்மையாகாது. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் படகு இறங்காது; வீட்டில் வருமானம் இராது. ஈரக் குடிசையில் சளி பரவும் மாதங்களும் அவையே. செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் குடும்பத்தோடு இடம்பெயரும் இருளர் மக்களின் குழந்தைகளுக்கு அங்கன்வாடி உணவும் தடுப்பூசியும் இடையில் அறுந்துபோகின்றன. தாய் வேலைக்குச் சென்றபின் எட்டு வயது அக்காள் ஊட்டும் உணவே பல குழந்தைகளின் பகலுணவு. ஆகவே அறிவுரை மட்டும் போதாது. உணவு வீடு தேடி வர வேண்டும். 1956-இல் காமராசர் காலத்தில் பள்ளிகளில் விரிவடைந்த மதிய உணவுத் திட்டமும், 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிப் பள்ளி செல்லாச் சிறு குழந்தைகளையும் சேர்த்துக்கொண்ட சத்துணவுத் திட்டமும் இவ்வுண்மையை உணர்ந்து எழுந்தவை. எனினும் இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை பள்ளிக்கு வந்து உண்ண முடியாது. கேடு தொடங்குவதோ அந்த வயதில்தான். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அவர்களுக்கானது. அது வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிடாமல் குழந்தைக்கே போய்ச் சேர வேண்டும்.

செங்கற்பட்டு தந்த பாடம்

நம் மாவட்டத்தின் பெயர் உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ளது. 1968 முதல் 1971 வரை, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவள்ளூர்ப் பகுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் பேருக்கு பி.சி.ஜி. ஊசியோ, வெறும் மருந்தற்ற ஊசியோ போட்டு ஒப்பிட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பது முடிவு. உலகமே எதிர்பாராத முடிவு இது. ஆயினும் கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளிலிருந்து பி.சி.ஜி. காப்பதால், பிறந்தவுடன் அதைப் போடுவது இன்றும் தொடர்கிறது.

புகையைப் பற்றிய அண்மைய ஆய்வும் இத்தகையதே. விறகடுப்புப் புகைக்கும் குழந்தைகளின் நிமோனியாவுக்கும் தொடர்பு உண்டு எனப் பல ஆய்வுகள் காட்டியிருந்தன. எனவே தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள் உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. புகையின் அளவு பெரிதும் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் கடும் நிமோனியா குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என 2024-இல் முடிவு வெளியாயிற்று.

இதனால் புகை தீங்கற்றது என்று பொருளாகாது. சவுக்கு மிலாறும் பனையோலையும் எரியும் அடுப்பருகே குழந்தையைக் கிடத்தாதிருப்பதே நன்று. ஆனால் ஒற்றை மருந்து, ஒற்றை ஊசி, ஒற்றை அடுப்பு என்று ஏதேனும் ஒன்றால் மட்டும் குழந்தையின் நுரையீரலைக் காத்துவிட முடியாது. தாயின் உடல்நலம், பிறப்பு எடை, தாய்ப்பால், இணை உணவு, தடுப்பூசி, தூய காற்று, உரிய நேரத்தில் மருத்துவம் ஆகிய எல்லாம் கூடியே அதைக் காக்கின்றன.

மூச்சை எண்ணுதல்

தடுப்பூசிகளில் நம் மாநிலம் முன்னணியில் நிற்கிறது. ஹீமோஃபிலஸ் கிருமியைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி, 2011 திசம்பரில் நாட்டிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறிமுகமாயிற்று. நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் அரசால் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை.

இவற்றையும் மீறி நோய் வந்தால் கண்டறிவது எப்படி? இதற்குக் கருவி தேவையில்லை. வினாடி முள் உள்ள கடிகாரம் போதும். குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்கும்போது, மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது மேலும், ஓராண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 40 அல்லது மேலும் இருந்தால் அது வேகமூச்சு. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நெஞ்சு உள்வாங்குதல், பால் குடிக்க இயலாமை, வலிப்பு, உதடு நீலம் பாரித்தல், எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டாலும், சிறிதும் தாமதியாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இதைப் படிப்பறிவு குறைந்தோரும் கற்கலாம் என்பதற்குச் சான்று மகாராட்டிரத்தின் கட்சிரோலி. அங்கு மருத்துவர்கள் அபய் பங், இராணி பங் இணையர், 1980-களின் இறுதியில் கிராம ஊழியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் மூச்சை எண்ணி மருந்து கொடுக்கப் பயிற்சியளித்தனர். அவ்வூர்களில் நிமோனியாச் சாவுகள் பெரிதும் குறைந்ததை அவர்களுடைய 1990-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை காட்டியது.

முடிவுரை

நம் கல்லூரியில் பயிலும் பலர், தம் குடும்பத்தில் முதன்முதல் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதவும், குடும்ப அட்டையைத் திருத்தவும் அண்டை வீட்டார் நம்மைத்தான் தேடி வருகின்றனர். அவர்கள் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தால், அதன் எடை அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்ப்போம். அடுத்தடுத்து இரண்டு மாதம் கோடு ஏறவில்லையென்றால், அதை அத்தாய்க்கு விளங்கச் சொல்லி, அங்கன்வாடிக்கோ சுகாதார நிலையத்துக்கோ உடன் செல்வோம். தடுப்பூசித் தவணை தவறியிருந்தால் நினைவூட்டுவோம். நோயின்போதும் உணவை நிறுத்தாமல், தேறியபின் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டச் சொல்வோம்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் சாலை சீரமைக்கிறோம், மரம் நடுகிறோம். அவற்றோடு, முகாம் நடக்கும் ஊரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கைச்சுற்றளவை அங்கன்வாடிப் பணியாளரின் துணையோடு அளந்து, மெலிந்தவர் பட்டியலை அவரிடமே ஒப்படைக்கும் பணியையும் சேர்த்துக்கொள்ளலாம். நாடாவும் கடிகாரமும் தவிர இதற்கு வேறு செலவில்லை. விலங்கியல், தாவரவியல், வேதியியல் என எத்துறை மாணவரும் ஒரு மணி நேரத்தில் இதைக் கற்றுக்கொள்ளலாம். நம் பேராசிரியர்கள் இதற்கு வழிகாட்டுவார்களாயின், வரும் மழைக்காலத்துக்கு முன்பே இதனைத் தொடங்கிவிடலாம்.